கடலுக்கு யார் காவல்?

2017ஆம் ஆண்டு யூலைத் திங்கள் 6ஆம் நாள் இலங்கைப் பாராளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றிற்று. பலகையும் இரும்புச் சங்கிலியும் பூட்டிய மடியைக் கடலின் அடித்தளத்திலே இழுத்து, அங்குள்ள அனைத்தையும் வாரிக்கொண்டு போகும் இழுவைமடித் தொழில் இந்நாட்டுக் கடலில் எவர் செய்யினும் குற்றம் என்று அச்சட்டம் விதித்தது. 1996ஆம் ஆண்டின் கடற்றொழில், நீரியல் வளச் சட்டத்தைத் திருத்திய 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் அது. மீறுவோர்க்கு இரண்டாண்டு வரை மறியலும் ஐம்பதினாயிரம் ரூபா தண்டமும் உண்டு. தமிழ்ப் பிரதிநிதியான திரு. எம். ஏ. சுமந்திரன் தனி உறுப்பினர் மசோதாவாகத் தொடக்கிவைத்த முயற்சியே இவ்வாறு சட்டமாக முடிந்தது. வடபகுதிக் கடற்றொழிலாளர் அன்று மகிழ்ந்தனர். மகிழ அவர்களுக்கு நியாயம் இருந்தது.

நான்கு ஆண்டுகள் கழிந்தன. 2021 ஒக்டோபர் 17ஆம் திகதி அதே கடற்றொழிலாளர் முல்லைத்தீவிலிருந்து பருத்தித்துறை வரை படகுகளிலேறிக் கடல்வழியே ஊர்வலம் போயினர். எதற்காக? புதிய உரிமை கேட்டா? புதிய சலுகை கேட்டா? இல்லை. பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தை நடைமுறைப்படுத்துங்கள் என்று அரசாங்கத்தைக் கேட்பதற்காக! அநீதியான சட்டத்தை எதிர்த்து மக்கள் கிளர்ந்தெழுந்த வரலாறுகளை நாம் படித்திருக்கிறோம். உள்ள சட்டத்தை நடத்துங்கள் என்று மன்றாடுவதற்காக ஒரு மக்கட்கூட்டம் எண்ணெய் எரித்துக் கடலிலே ஊர்வலம் போன விந்தை இத்தீவிலேதான் நிகழும்.

கமம் செய்வோரும் உத்தியோகம் பார்ப்போருமான நம் வாசகர்களிற் பலர், இது கரையோர மக்களின் விவகாரம், நமக்கென்ன என்று எண்ணக்கூடும். அவர்களுக்காகவே இதனை எழுதுகிறோம்.

பாக்குக் கடல் ஆழங் குறைந்த கடல். பெரும்பாலான இடங்களில் பதினைந்து மீற்றர் ஆழங்கூட இல்லை. வெயில் அடிவரை இறங்குகிறது. ஆகவே அடியிலே சாதாழை செழித்து வளர்கிறது. ஓராவும் விளைமீனும் இறாலும் நண்டும் கணவாயும் குஞ்சு பொரித்து வளரும் நாற்றுமேடை அந்தச் சாதாழைத் தரைதான். ஆவுளியா மேய்வதும் அங்கேதான். இழுவைமடியின் வாயை இரு பெரும் பலகைகள் அகல விரிக்கின்றன. மடியின் கீழ் விளிம்பிற் கோத்த சங்கிலி நிலத்தை உழுதுகொண்டு போகிறது. கமக்காரன் உழுவது விதைப்பதற்காக. இந்த உழவோ விதையையும் முளையையும் நிலத்தோடு பெயர்த்து மடிக்குள் அள்ளுகிறது. இறாலுக்காக இழுத்த மடியில் விரலளவு மீன்குஞ்சுகள் குவிகின்றன. விலைபோகாதவை செத்தபடி கடலில் வீசப்படுகின்றன, அல்லது கருவாட்டுத் தூளாகிக் கோழித் தீனிக்குப் போகின்றன. ஒரே தடத்தில் மீண்டும் மீண்டும் மடி இழுபட்டால் அங்கே மீன் தங்காது. தங்குவதற்கு ஒன்றும் மிஞ்சியிராது.

தமிழகத்திலே இழுவைப் படகுகள் கடலுக்குப் போகும் நாட்கள் திங்கள், புதன், சனி. மற்றைய நாட்கள் அங்குள்ள நாட்டுப்படகுக்காரருக்கு உரியவை. இவ்வேற்பாடு ஏன் வந்தது? இழுவைப் படகும் சிறு வலைக்காரனும் ஒரே நாளில் ஒரே கடலில் தொழில் செய்ய இயலாது, செய்தால் சிறியவன் அழிவான், சண்டை மூளும் என்று கண்டதனாலேயே வந்தது. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் இழுவைப் படகு வரலாகாது என்று விதித்ததும் அதே காரணத்தாற்றான். தம் கரையில் அழிவு என்று கண்டு விலக்கிய ஒன்று, எல்லையைத் தாண்டி எம் கரைக்கு வந்ததும் தீங்கற்றதாகிவிடுமா?

அந்த மூன்று இரவுகளும் நெடுந்தீவிலும் பேசாலையிலும் வடமராட்சிக் கரையிலும் தொழிலாளி வீட்டிலே கிடக்கிறான். துணிந்து போகிறவன் கடன்பட்டு வாங்கிய விடுவலையைக் கடலில் விட்டுவிட்டு விடியும் வரை நெஞ்சு பதைக்கக் காத்திருக்கிறான். விடிந்ததும் மிதப்புக் கட்டைகள் மட்டும் கையில் வருகின்றன. வலை போயிற்று, வலை வாங்கிய கடன் போகவில்லை. வாரத்தின் ஏழு நாட்களில் மூன்று நாட்கள் தன் வயலுக்குள் இறங்கக்கூடாது என்று ஒரு கமக்காரனுக்குச் சொன்னால் அவன் பொறுப்பானா? கதிர் முற்றும் வேளையிலே ஒரு கட்டாக்காலி மாடு வேலியை முறித்துப் புகுந்தால், அதைப் பிடித்துக் கட்டி உரிமையாளரிடம் தண்டம் வாங்கும் வழக்கம் நம் கிராமங்களில் நெடுங்காலமாக உண்டு. அங்கே ஒரு மாட்டுக்கு உள்ள நீதி இங்கே நூற்றுக்கணக்கான இயந்திரப் படகுகளுக்கு இல்லை.

காவல் செய்ய ஆற்றல் இல்லையாம்!

கடல் பரந்தது, எல்லை கண்ணுக்குத் தெரியாதது, படகுகள் ஏராளம், ஆகவே காவல் செய்வது கடினம் என்று அதிகாரிகள் சொல்லும் சமாதானத்தை நாம் பன்முறை கேட்டாயிற்று. இந்த ஆற்றலின்மை எப்போது தோன்றியது என்று அறிய விரும்புகிறோம்.

போர்க்காலத்திலே இதே கடலை இதே அரசாங்கம் மூடிவைத்திருந்தது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து 2009 வரை, பிறகும் சில காலம், வடக்குத் தமிழன் கடலில் இறங்குவதற்கு அனுமதி வேண்டியிருந்தது. எத்தனை மணிக்குப் போகலாம், எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும், கரையிலிருந்து எவ்வளவு தூரம், இயந்திரம் பூட்டலாமா, எவ்வளவு வலுவுள்ள இயந்திரம் என்பன அனைத்தும் அளந்து விதிக்கப்பட்டன. பாஸ் இல்லாத வள்ளம் கரையை விட்டு அசையவில்லை. 1983க்கு முன் இத்தீவுக்கு மீன் அளித்த மாவட்டங்களில் யாழ்ப்பாணம் முன்வரிசையில் நின்றது; காரைநகரிற் சீநோர் படகுத்தளமும் குருநகரில் வலைத் தொழிற்சாலையும் இயங்கிய காலம் அது. அந்தத் தொழிலைக் கட்டிப்போட முடிந்த அரசாங்கத்துக்கு, ஒற்றை வள்ளத்தை இருளிலே கண்டுபிடிக்க முடிந்த கடற்படைக்கு, வரும் நாளும் வரும் வழியும் ஊரறிந்த இழுவைப் படகுக் கூட்டத்தைக் காணக் கண் இல்லையென்றால் அதை யார் நம்புவார்?

மயிலிட்டியை நினைவூட்டுகிறோம். வடக்கின் பெருந் துறைகளுள் ஒன்று அது. 1990இல் அங்கிருந்த மக்கள் வெளியேறியபின் உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டு, 2017 யூலையிலேதான் விடுபட்டது. சட்டம் நிறைவேறிய அதே மாதம்! இருபத்தேழு ஆண்டுகள் சொந்தத் துறையிற் கால்வைக்க முடியாதிருந்த மக்கள் திரும்பினர். 2019இல் துறைமுகம் திருத்தித் திறக்கப்பட்டது. பின்னர் என்ன நடந்தது? கைப்பற்றிய இந்திய இழுவைப் படகுகளைக் கொண்டுவந்து அங்கே கட்டினர். எம் படகைக் கட்ட இடமில்லை என்று ஊரார் முறையிடும் நிலை வந்தது. கடலில் இடத்தைப் பிடித்த படகு கரையிலும் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இதற்கிடையில் எண்ணெய் விலை வேறு. பல மாதம் மண்ணெண்ணெயே கிடையாதிருந்து, 2022 ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே இரவில் ஏறிற்று. சிறு இயந்திரத்தோடு தொழில் செய்பவன் மண்ணெண்ணெயைத்தான் எரிக்கிறான். அதைப் பற்றி விரித்தெழுத வேண்டியதில்லை; கமத்துக்கு நீர் இறைப்பவர்களுக்கும் அந்தச் சூடு தெரியும்.

ஆற்றல் இல்லை என்பது உண்மையன்று. உண்மை வேறு. கொழும்பின் கண்ணுக்கு இந்தக் கடல் மீன் விளையும் வயலாகத் தெரியவில்லை. தில்லியோடு பேரம் பேசும் மேசையிலே வைக்கும் நாணயமாகத் தெரிகிறது. 1974இலும் 1976இலும் எல்லை வகுத்த உடன்படிக்கைகள் கையெழுத்தாயின. ஒரு நாட்டு மீன்பிடிப் படகு மற்ற நாட்டுக் கடலில் தொழில் செய்யலாகாது என்று 1976 மார்ச்சில் இரு அரசாங்கங்களும் கடிதம் மாற்றிக்கொண்டன. அதில் எங்கள் மீனவர் யார் ஒருவரையும் கேட்டதாக நாம் அறியோம். இராமேசுவரத்து மீனவரைக் கேட்டதாகவும் அறியோம். 2016 நவம்பரில் தில்லியிலே இரு நாட்டு மந்திரிகளும் கூடி இழுவைமடித் தொழிலை இயன்ற விரைவில் முடிவுக்குக் கொண்டுவருவதாக இணங்கினர். 2017இல் இரண்டாயிரம் இழுவைப் படகுகளை ஆழ்கடற் படகுகளாக மாற்ற ஆயிரத்தறுநூறு கோடி இந்திய ரூபாவில் திட்டம் அறிவிக்கப்பட்டது, மாறியவை சொற்பமே. 2024 டிசம்பரில் புதிய சனாதிபதி தில்லிக்குச் சென்று இழுவைமடி பேரழிவு செய்கிறது என்று எடுத்துரைத்தார். சொன்னதை வரவேற்கிறோம். எட்டாண்டுக்கு முன் முடிவுக்கு வரவிருந்த ஒன்றைப் பற்றி மறுபடியும் எடுத்துரைக்க நேர்ந்ததன் பொருளையும் கவனிக்கிறோம்.

நடைமுறை என்னவாக இருக்கிறது? அங்கே அரசியல் சூடேறினால் இங்கே கைதுகள் குறைகின்றன; இங்கே கூக்குரல் உயர்ந்தால் கைதுகள் கூடுகின்றன; பெருந் தலைவர் விருந்தாக வரும் வேளைகளில் நல்லெண்ணத்தின் அடையாளமாக விடுதலைகள் நிகழ்கின்றன. வெளிநாட்டுப் படகுகளைப் பற்றிய 1979ஆம் ஆண்டுச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டுத் தண்டம் கோடிக்கணக்காக உயர்த்தப்பட்டது. 2022 பெப்ரவரியில் நூற்றுக்கு மேற்பட்ட படகுகள் ஏலமிடப்பட்டன. தண்டமும் ஏலமும் அரசாங்கத்தின் வரவு. வலை அறுந்தவனுக்கு அதிலிருந்து முதற் பங்கு என்று எழுதிய விதி எங்கே?

மடியை இழுப்பவன் யார்?

இங்கே நாம் கசப்பான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இழுவைப் படகில் வருபவன் நம் மொழி பேசுகிறான். நம் துயரத்துக்காகத் தீக்குளித்த மண்ணிலிருந்து வருகிறான். போருக்குத் தப்பி ஓடியவர்க்கு இராமேசுவரத்துக் கரை அடைக்கலம் தந்தது. இந்த நன்றியை நாம் ஒருபோதும் மறவோம். அதனாலேயே நம் அரசியல்வாதிகளிற் பலர் இவ்விடயம் எழுந்தால் தொப்புட்கொடி உறவு என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு வாய் மூடிக்கொள்கின்றனர். உறவு என்பது அண்ணன் தம்பியின் சட்டிக்குள் கைவிடுவதற்கு அளித்த உத்தரவாதமா? உறவினர்க்குள்ளேதான் வெளிப்படையாகப் பேச வேண்டும்.

இராமேசுவரத்திலும் நாகப்பட்டினத்திலும் இழுவைப் படகின் சொந்தக்காரன் கரையில் இருக்கிறான். கடலுக்கு வருபவன் பங்குக் கூலிக்கு உழைக்கும் ஏழை. பிடிபட்டுச் சிறையிருப்பவனும் அவனே. உயிர் இழப்பவனும் அவனே. 2017 மார்ச்சில் இராமேசுவரத்து இளைஞன் ஒருவன் கடலிலே சுடப்பட்டு இறந்தான். 2024 ஆகஸ்டில் இன்னொருவன் கடற்படைக் கலத்தோடு படகு மோதியதில் இறந்தான். அதற்கு முந்திய யூனிலே படகைப் பிடிக்கச் சென்ற கடற்படை மாலுமி ஒருவர் மாண்டார். 2022 சனவரி இறுதியிற் கடலுக்குப் போன வத்திராயன் தொழிலாளர் இருவர் பிணமாகக் கரை சேர்ந்தனர். வடமராட்சி மக்கள் வீதியை மறித்து அழுதனர். மீனுக்காக மனிதனைச் சுடுவதை நாம் ஆதரிக்கவில்லை, ஆதரிக்கவும் மாட்டோம். எம் மீது பாய்ந்த துவக்கை எம் பேரால் இன்னொரு தமிழன் மீது நீட்ட எவருக்கும் நாம் அதிகாரம் அளிக்கவில்லை. நாம் கேட்பது கட்டளையும் வழக்கும் தண்டமும் ஈடும். குண்டு அன்று.

அந்த இழுவைப் படகு வானத்திலிருந்து விழவில்லை. 1950களில் நோர்வேயின் உதவியோடு கேரளத்திலே தொடங்கிய இந்திய நோர்வேத் திட்டமும், அதன் பின் இறால் ஏற்றுமதியிற் கண்ட டொலர் ஆசையும் அரசாங்கமே கடன் கொடுத்து வளர்த்த தொழில் அது. தம் கரை வறண்டபோது, போரால் வெறுமையாகிக் கிடந்த எம் கரை அவர்களுக்குத் திறந்த களஞ்சியமாயிற்று. எம்மை மூடி வைத்த காலத்திலே அவர்கள் கூட்டம் பெருகியது. போர் முடிந்து எம்மவர் வள்ளத்தை இறக்கிய அன்று, தம் வயலில் பிறர் குடியிருக்கக் கண்ட அகதிபோல் நின்றனர். அங்குள்ள சிறு மீனவனும் இதே மடியால் நொந்தவன். அவனோடு நாம் பேச வேண்டும். தில்லி மந்திரி மூலமாக அல்ல, நேராக.

எம் கையும் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. குருநகரிலும் மன்னார்க் கரையிலும் எம்மவருட் சிலரும் சிறு இழுவைப் படகு வைத்திருக்கின்றனர். தங்கூசி வலை தடைசெய்யப்பட்டது, பாவிக்கிறோம். வெடி தடைசெய்யப்பட்டது, வெடிக்கிறது. இந்தியப் படகைப் பிடி, என் படகை விடு என்பது வழக்காகாது. 2017ஆம் ஆண்டின் சட்டம் படகின் கொடியைப் பார்த்து எழுதப்படவில்லை. இதே இழுவைப் படகை வாங்கக் கடன் பட்டவன் வேறு தொழிலுக்கு மாறுவதற்கு ஈடும் தவணையும் கொடுப்பது அரசாங்கத்தின் கடமை; மாறுவது அவன் கடமை. இதைச் சொல்வதால் எமக்குச் சில வாசகர் குறையலாம். குறையட்டும்.

சட்டம் உறங்கினாலும் திட்டம் உறங்குவதில்லை. 2022 யூனில் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், முல்லைத்தீவு, மட்டக்களப்பு மாவட்டங்களில் ஐயாயிரம் ஏக்கரிற் கடலட்டைப் பண்ணை அமைக்க மந்திரிசபை அங்கீகாரம் அளித்தது. அதற்கு முந்திய ஆண்டே கௌதாரிமுனையிற் சீனத் தொடர்புள்ள பண்ணையொன்று உரிய அனுமதியின்றி இயங்குவது வெளிவந்தது. கடலட்டை நல்ல விலை போகிறது; பண்ணை வைத்துப் பயன் கண்ட தொழிலாளரும் எம்மிடையே உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பண்ணை அமைவது எங்கே? இடுப்பளவு நீருள்ள பரவைக் கடலிலே. அங்கேதான் வள்ளம் வாங்க வசதியற்றவன் சிறகுவலை கட்டுகிறான். கணவனை இழந்த பெண் நண்டும் இறாலும் கைகளாற் பிடித்து அடுப்பெரிக்கிறாள். அந்த நீரிலே கம்பு நட்டு வலை சுற்றி, இது இன்னாருக்கு என்று எழுதிக் கொடுக்கும் உரிமையை யார் யாருக்குக் கொடுத்தது? கிராஞ்சிப் பகுதி மக்கள் 2022இன் இறுதியிலிருந்து நூறு நாட்களுக்கு மேல் கொட்டகை போட்டிருந்து இக்கேள்வியைக் கேட்டனர். ஒரு பொதுக்குளத்தின் அலைகரையை அளந்து தனியாருக்கு எழுதினால் கமக்காரர் என்ன செய்வார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

முல்லைத்தீவுக் கரையின் கதை இன்னும் பழையது. கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் 1984இல் விரட்டப்பட்டனர். போர் முடிந்து திரும்பியபோது அவர்களின் கரைவலைப்பாடுகளிலே தெற்கிலிருந்து வந்தோர் அரசாங்க அனுமதிப் பத்திரத்தோடு இருந்தனர். தம் கரை கச்சான் காற்றாற் கொந்தளிக்கும் பருவத்தில் நீர்கொழும்பு, சிலாபம் மீனவர் கிழக்குக் கரைக்கு வந்து வாடி போட்டுத் தொழில் செய்து, பருவம் முடியத் திரும்புவது முன்னாளிலிருந்தே உள்ள வழக்கம். விருந்தாக வந்தவர் அவர். வீட்டுக்காரன் இடம் கொடுத்தான். விருந்தாளிக்கு வீட்டை எழுதிக் கொடுத்தது கொழும்பு. 2018 ஆகஸ்ட் 13ஆம் திகதி இரவு நாயாற்றிலே தமிழ்த் தொழிலாளரின் வாடிகளும் படகுகளும் தீக்கிரையானமை, ஒரு பாட்டுக்கு இருவரிடம் உரிமை வழங்கும் நிருவாகத்தின் விளைவு. கடலை முகாமை செய்வதென்பது பத்திரம் எழுதுவதென்று எண்ணுவோர் அந்தச் சாம்பலைப் பார்த்திருக்க வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன?

இரணைமடுவின் கீழ்க் கமம் செய்வோர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை. சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர், எந்த நாளிலே நீர் திறப்பது, எந்த நாளிலே மூடுவது என்பவை கமக்காரர் அமைப்புகள் கூடியிருக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்திலே தீர்மானமாகின்றன. அதிகாரி தலைமை வகிப்பார், தீர்மானம் கூட்டத்தினுடையது. பின்னர் மீறியவன் மீது நடவடிக்கை உண்டு. கமக்காரனுக்கு அளித்த இந்த மதிப்பை அரசாங்கம் கடற்றொழிலாளனுக்கு ஏன் அளிக்கவில்லை? 1996ஆம் ஆண்டின் சட்டத்திலே கடற்றொழில் முகாமைப் பிரதேசம், முகாமைக் குழு என்றெல்லாம் எழுதியிருக்கிறது. எழுத்தளவிலே! கூட்டுறவுச் சங்கங்களும் சமாசங்களும் வடக்கிலே பல பத்தாண்டுகளாக உள்ளன. கரைவலைப்பாட்டிற்கு முறை வைத்து, பிணக்குத் தீர்த்து, வலையின் கண்ணளவு பார்த்து வந்தவை அவையே. இன்று அவற்றின் வேலை பாதிக்கப்பட்டோர் பட்டியல் எழுதி மந்திரியின் கந்தோருக்கு அனுப்புவதாகச் சுருங்கிவிட்டது.

இது நடவாத காரியம் என்பவர்க்கு இத்தீவிலேயே சான்று உண்டு. நீர்கொழும்பு வாவியிலே கட்டுவலைத் தொழிலை யார் எந்நாளில் எவ்விடத்திற் செய்வது என்பதை அங்குள்ள மீனவர் சங்கங்கள் முறைவைத்து நடத்தி வந்தன. அந்த முறையையே அரசாங்கம் 1958ஆம் ஆண்டு விதிகளாக ஏற்று வெளியிட்டது. நீர்கொழும்புக்கு ஒரு நீதி, நெடுந்தீவுக்கு ஒரு நீதியா? யப்பானிலே 1949ஆம் ஆண்டின் கடற்றொழிற் சட்டம் கரையோரக் கடலின் மீன்பிடி உரிமையைக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களிடமே ஒப்படைத்தது. 1980இல் இந்தோனேசிய அரசாங்கம் சிறு மீனவரைக் காப்பதற்காக இழுவைப் படகைத் தடைசெய்து, சில ஆண்டுகளுக்குள் பெரும்பாலான கடலிலிருந்து அகற்றியும் காட்டியது. அங்கே இருந்தவை கடற்படை மட்டுமல்ல, செய்தே தீர்வது என்ற எண்ணமும்.

1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் நிலப்பரப்புக் கடலுக்குட்பட்ட மீன்பிடியை ஒருங்கிய நிரலிலே வைத்தது. அஃதாவது மாகாணத்துக்கும் உண்டு, மத்திக்கும் உண்டு. இரண்டு பேருக்குப் பொதுவான மாடு பட்டினி கிடக்கும் என்பார் நம் முதியோர். வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபின் தேர்தலின்றியே ஆண்டுகள் பல கழிந்தன. பொதுவிலே இருந்த பாதியும் ஆளுநரின் மேசைக்குப் போயிற்று. கரையோரக் கடலின் முகாமை மாகாணத்துக்கு முழுதாக உரித்தாக வேண்டும். மாகாணம் அதைச் சமாசங்களோடு பங்கிட வேண்டும். சமஷ்டி என்ற சொல்லைக் கேட்டதும் மிரளுவோர் உண்டு. வத்திராயன் கரையிலே எந்த வலையை அனுமதிப்பது என்பதை வத்திராயனுக்கு அண்மையில் உள்ளவர் முடிவு செய்வதைத்தான் நாம் அச்சொல்லால் இத்தனை காலமும் கேட்டு வருகிறோம்.

உடனடியாகச் செய்யக்கூடியவற்றுக்கு அரசியலமைப்பைத் திருத்த வேண்டியதும் இல்லை. 2017ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் ஒவ்வோர் ஆண்டும் எத்தனை வழக்குப் பதிவாயிற்று, எத்தனை பேர் தண்டிக்கப்பட்டனர் என்பதை மந்திரி மாவட்டவாரியாகப் பாராளுமன்றத்தில் வைக்கட்டும். வைக்கும்படி எம் பிரதிநிதிகள் கேட்கட்டும். தண்டத்திலும் ஏலத்திலும் வரும் பணத்தில் வலையிழந்தவனுக்கு முதற் பங்கு என்று விதி செய்யட்டும். தில்லியோடு மந்திரிகள் பேசும் மேசையிலே வடக்குச் சமாசங்களின் பிரதிநிதிகளுக்கு நாற்காலி போடட்டும், பின்வரிசையிலே அல்ல.

நம் உத்தியோகத்தர்க்கும் சட்டத்தரணிகளுக்கும் ஒரு வேண்டுகோள். வலை அறுந்தவன் முறைப்பாடு எழுதத் தெரியாமல் பொலிசு நிலைய வாசலிலே நிற்கிறான். அறுந்த வலைக்குப் பெறுமதி கணித்து நீதிமன்றத்தில் வைப்பதற்கு ஒரு கணக்காளர் இல்லை. ஊர்க்காவற்றுறை நீதிமன்றிலே இழுவைப் படகின் வழக்கு எடுக்கப்படும்போது நட்டப்பட்டவன் சார்பிலே எழுந்து நின்று பேசுவார் அரிது. படகின் சொந்தக்காரனுக்கு வக்கீல் இருக்கிறார். வடக்கிலே இத்துணை சட்டத்தரணிகள் இருந்தும் இந்நிலை ஏன்? மாதத்தில் ஒரு நாள் ஒவ்வொரு சமாசத்திலும் இருவர் சென்று அமர்ந்தால் அடுத்த சோளகத்துக்குள் நூறு வழக்குகளுக்குச் சான்று திரளும்.

மந்திரிக்கும் ஓர் அழைப்பு விடுக்கிறோம். கரையிலே மேடை வேண்டாம், மாலை வேண்டாம், நாடா வெட்டுவதும் வேண்டாம். ஒரு திங்கட்கிழமை மாலையில் நெடுந்தீவுக்கு வாருங்கள். வலையைச் சுருட்டி வள்ளத்துள் வைத்துவிட்டு மேற்கே பார்த்துக்கொண்டு நிற்பவனிடம், இன்றிரவு நீ ஏன் தொழிலுக்குப் போகவில்லை என்று கேளுங்கள். இருட்டியதும் அவன் கை காட்டும் திசையிலே தெரியும் விளக்குகளை அவனோடு நின்று எண்ணுங்கள்.